புதுப்பிப்பு: ராணி இல்லாத தேனீப் பெட்டி பிழைத்துவிட்டது (தட்டோன், மியான்மர்)

ரப்பர் தோட்டத்தில் வைத்திருக்கும் அடுக்குத் தேனீப் பெட்டியில் ராணி இல்லை, கூண்டில் வைத்துக் கொடுத்த புது ராணியையும் கொன்றுவிட்டன என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலன் தந்தது மௌல்மேன் ஊர் அண்ணன் சொன்ன வழி.

தேனடையின் ஒரே அறையில் மூன்று நான்கு முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருந்தது. அதைப் பார்த்ததுமே வேலைக்காரத் தேனீக்கள் முட்டையிடுகின்றன என்றார். அவை இடுவதில் ஆண் தேனீதான் பிறக்கும். அந்த நிலையில் எந்த ராணியையும் ஏற்காதாம்.

நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம்புழுவும் உள்ள ஒரு சட்டத்தை (தேனடை கட்டிய மரச்சட்டம்), தேனீக்களை உதறிவிட்டு, வாரம் ஒன்றாகக் கொடுத்தேன். முதல் சட்டத்தில் மாற்றமே இல்லை. மனம் விட்டுப்போச்சு. மூன்றாவதில் நிலக்கடலை போல இரண்டு ராணி அறைகள் (புது ராணியை வளர்க்கக் கட்டுபவை) தொங்கின! இதை நான் எதிர்பார்க்கவில்லை. ராணி இல்லை என்று அவை உணர்ந்துவிட்டதற்கு அதுதான் அடையாளமாம். அவற்றைக் கிள்ளிவிட்டு, அன்று மாலையே கூண்டில் ராணியை வைத்தேன். கூண்டின் வாயைச் சர்க்கரைப் பாகு மாவால் அடைத்திருந்தேன்.

மறுநாள் கூண்டின் மேல் இருந்த தேனீக்களை விரலால் தள்ளினால் லேசாக நகர்ந்தன; ராணியை ஏற்கின்றன என்று புரிந்தது. முன்பு கம்பியைக் கடித்துக்கொண்டு அசையவே இல்லை. நான்காம் நாள் கூண்டு காலி, ராணி வெளியே வந்துவிட்டது. பத்தாம் நாள் திறந்தேன்: அறைக்கு ஒரே முட்டை, அடியில் அரிசி நொய் போல நின்றது. அப்படியே மூடிவிட்டேன்.