கொஸ்கொடவில் விட்ட குஞ்சு (வெள்ளவத்தைக் குடும்பக் குழு)

நிரோஷன்: நேற்றுக் கொஸ்கொடவில், ஆமை முட்டைகளைப் பொரிக்கவைக்கும் பொரிப்பகத்திலிருந்து நாங்கள் கடலில் விட்ட ஆமைக்குஞ்சின் படம் இது. உள்ளங்கைக்குள் அடங்கியது, முதுகில் ஒட்டிய மணல் உதிருமுன்பே துடுப்படிக்கத் தொடங்கிவிட்டது. கடலுக்கு ஏது வேலி, மாமா? இனி அது எங்கும் போகலாம்.

பெரிய மாமா: குரல் பதிவு அனுப்பினால் ஒருவரும் கேட்பதில்லை, ஆகவே எழுதுகிறேன். வேலி உண்டு, தம்பி. ஆபிரிக்காவின் தென்மேற்குக் கரையோரம் ஆழத்திலிருந்து குளிர்நீர் மேலெழும் பெங்குவேலா நீரோட்டம், வெப்பக் கடலில் வாழும் பேராமைக்கு (பச்சை ஆமை என்பார்களே, அதற்கு) மதில் போன்றது. வட, தென் அமெரிக்காக்களை இணைக்கும் பனாமா நிலத்தொடுப்பு ஏறத்தாழ 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் உருவானபோது அமெரிக்கப் பக்கத்து வழியும் அடைபட்டது. அதனால்தான் அத்திலாந்திக் பேராமைகளும் இந்து, பசிபிக் சமுத்திரங்களின் பேராமைகளும் மரபணுவில் தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன.

வத்சலா சித்தி: தோல் போன்ற முதுகுள்ள தோணியாமை குளிர்க்கடலுக்கும் போகிறதே, அண்ணா?

பெரிய மாமா: போகும். பருத்த உடலில் வெப்பத்தைத் தக்கவைத்துக்கொள்ளும் அந்த இனத்தில், சமுத்திரங்களுக்கு இடையிலான வேறுபாடு குறைவு. ஆனால் அதற்குக் குளிரைத் தாங்குவது ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன்.

நிரோஷன்: ஒரே கடலுக்குள் எல்லாம் ஒன்றுதானே?

பெரிய மாமா: அங்கேதான் சுவாரசியம். பெண்ணாமை பிறந்த கரைப் பக்கமே திரும்பி வந்து முட்டையிடுவதால், தாய் வழியாக மட்டும் இறங்கும் இழைமணி (உயிரணுவுக்குள் ஆற்றல் தரும் நுண்ணுறுப்பு) மரபணு கரைக்குக் கரை வேறுபடுகிறது. ஆண்களோ வேறு கரைப் பெண்களோடும் கடலில் கூடுவதால், தாய், தந்தை இருவரிடமிருந்தும் வரும், உயிரணுவின் உட்கருவிலுள்ள மரபணுவில் அந்த வேறுபாடு பெரும்பாலும் மங்கிவிடுகிறது. புளோரிடாவின் பெருந்தலை ஆமைகளைப் பற்றி 2018இல் வெளியான ஆய்வொன்றில், பூமியின் காந்தப்புலம் ஒத்திருந்த கரைகளின் ஆமைகள், இடையே தூரம் அதிகமாயினும், மரபணுவில் நெருங்கியிருந்தன. பிறந்த கரையின் காந்த அடையாளத்தைக் குஞ்சு மனத்தில் பதித்துக்கொள்கிறது என்ற கருத்துக்கு அது வலுச் சேர்க்கிறது.

வத்சலா சித்தி: அப்படியானால் ஒரு கரையில் எடுத்த முட்டையைத் தொலைவிலுள்ள வேறொரு கரையில் பொரிக்க வைத்தால்?

பெரிய மாமா: அந்தக் கரையையே ஊர் என்று பதித்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் இட்ட இடத்திலேயே விடுவது உத்தமம் என்கிறேன்.

நிரோஷன்: முட்டை எங்கிருந்து வந்தது என்று நான் பொரிப்பகத்தில் கேட்டேன், மாமா. மீனவர்கள் கொண்டுவந்து விற்பது என்றார்கள். எந்தக் கரை என்று எழுதிவைக்கும் வழக்கம் பொரிப்பகத்தில் இல்லையாம்.