கம் பைக்ரோமேட் அச்சு: பழைய கையேடுகளை எங்கே தேடுவது?

கேள்வி:
சயனோடைப் (நீலநிறப் புகைப்பட) அச்சு கைக்கு வந்துவிட்டது. அடுத்து கம் பைக்ரோமேட், அதாவது பிசினும் நிறமியும் கொண்டு புகைப்படம் அச்சிடும் பழைய முறை, செய்யப் போகிறேன். இன்றைய வீடியோக்கள் பிசினுக்கும் நிறமிக்கும் அளவு சொல்கின்றன, காரணம் சொல்வதில்லை. அன்றைய அச்சாளர்கள் எழுதியதையே படிக்க வேண்டும். எங்கே கிடைக்கும்?

பதில் 1:
தம்பி, ஆல்ஃபிரட் மாஸ்கெலும் ராபர்ட் தெமாஷியும் சேர்ந்து இந்த முறை பற்றி 1897இல் வெளியிட்ட சிறுநூலில் தொடங்குங்கள். தெமாஷி இந்த முறையில் தேர்ந்த கலைஞர். தூரிகையால் தேய்த்தே படத்தை மாற்றியவர்.

ஆனால் உண்மையான புதையல் இதழ்களில்தான் இருக்கிறது. லண்டன் போட்டோகிராஃபிக் சொசைட்டியின் இதழ் 1853இல் தொடங்கியது. அதில் 1858ஆம் ஆண்டுத் தொகுதியை விடாதீர்கள். அரபிப் பிசின், பைக்ரோமேட் (ஒளி பட்டால் பிசினை இறுகவைக்கும் குரோமிய உப்பு), கரித்தூள் மூன்றையும் கலந்து ஆங்கிலேயப் புகைப்படக்காரர் ஜான் பவுன்சி அச்சிட்ட ஆண்டு அது. வெளிச்சம் பட்ட இடத்தில் பிசின் இறுகி நிற்கும், படாத இடம் தண்ணீரில் கரைந்துபோகும். அந்த அடிப்படையைச் சுற்றி எழுந்த சண்டையே ஒரு பாடம். பழைய நூல்களைச் சேர்த்துவைத்திருக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் இணையதளத்தில் நூற்பெயரோடு நிற்காமல், இதழ்ப்பெயரையும் ஆண்டையும் சேர்த்துத் தேடுங்கள். பின்பக்க விளம்பரங்களையும் புரட்டுங்கள். அன்று என்ன காகிதம், என்ன ரசாயனம் விற்றார்கள் என்பது அங்கேதான் தெரியும்.

பதில் 2:
பழைய நூல்களின் பாதுகாப்புக் குறிப்புகளை மட்டும் நம்ப வேண்டாம். பைக்ரோமேட் புற்றுநோய் உண்டாக்கும். கையுறை கட்டாயம், தூளை மூச்சில் இழுக்கக் கூடாது, மீதியைச் சாக்கடையில் ஊற்றவும் கூடாது.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி அண்ணா. 1858 தொகுதியை இன்றே தேடுகிறேன். கையுறையும் வாங்கிவிடுகிறேன்.