ஆச்சி பிறந்த வீட்டில் ஒரு கல்

அண்ணாச்சிகளுக்கும் அக்காமாருக்கும் வணக்கம். சேரன்மகாதேவிப் பக்கம் எங்கள் ஆச்சி பிறந்து வளர்ந்த வீட்டில் அவளுக்கு ஒரு நினைவுக்கல் பதிக்கப் போகிறோம். உங்கள் உதவி வேண்டும்.

சென்னை மாகாணத்தில் 1921-லேயே பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது. ஆனால் சொத்து, வரி என்று நிபந்தனைகள் இருந்ததால் நம் ஊர்ப் பெண்களில் ரொம்பப் பேருக்கு அது எட்டவில்லை. 21 வயதான எல்லாருக்கும் ஓட்டு என்று வந்த முதல் பொதுத்தேர்தலில், 1952-ல், வளவு வளவாகப் போய்ப் பெண்களைக் கூட்டிப்போனவள் ஆச்சி. அப்போது வேட்பாளருக்கு ஒரு பெட்டி, பெட்டிமேல் சின்னம். எழுத்து தெரியாதவர்கள் தடுமாறக்கூடாதே என்று பட்டாசலில் ஓலைப்பெட்டிகளை வரிசையாக வைத்து, கரித்துண்டால் சின்னம் வரைந்த தாளைச் செருகி, பூவரச இலையை ஓட்டுச்சீட்டாகப் போடச் சொல்லிப் பழக்குவாளாம். அந்தப் பெட்டிகளில் ஒன்று இன்னமும் மச்சில் இருக்கிறது. ஓரம் பிரிந்துவிட்டது, கரிக்கறை மட்டும் போகவில்லை.

கையால் எழுத்து கொத்துகிற ஆசாரி யாராவது தெரியுமா? மெஷின் எழுத்து வேண்டாம். 1952 வாக்காளர் பட்டியலை எங்கே பார்க்கலாம்? அவள் பெயரை அதில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும். அப்புறம் முக்கியமானது: உங்கள் வீட்டு ஆச்சிமார் யாராவது அவளோடு ஓட்டுப்போடப் போயிருந்தால், அவர்கள் சொன்னதைச் சொன்னபடியே எழுதி அனுப்புங்கள். துண்டு துணுக்காக இருந்தாலும் சரி.

வீட்டில் இப்போது இருக்கும் மாமா திண்ணைச் சுவரில் இடம் கொடுத்துவிட்டார். ஜனவரி 25, வாக்காளர் தினத்தன்று கல் ஏற வேண்டும்.