புதுப்பிப்பு: பவுடர் பால் குடித்ததும் வயிறு உப்பி அழும் பாப்பா

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்று மாதப் பாப்பா பவுடர் பால் குடித்ததும் வயிறு உப்பி, காலை மடக்கி அழுகிறாள், பவுடரை மாற்றலாமா என்று கேட்டிருந்தேன். மாற்றவில்லை. எடை ஒழுங்காக ஏறுகிறது, மலத்தில் ரத்தம் இல்லை என்பதால் டாக்டரும் அதையே தொடரச் சொன்னார்.

கைகொடுத்தது, "பாட்டிலைக் குலுக்காதீங்க" என்ற பதில்தான்; குலுக்கினால் பால் நுரைத்து, அதோடு காற்றும் வயிற்றுக்குள் போகும். கொதித்த தண்ணீர் 70 டிகிரிக்குக் கீழே இறங்குமுன் அளந்து ஊற்றி, அப்புறம் பவுடரை டப்பாவோடு வந்த கரண்டியில் தலைதட்டிப் போடுகிறோம். உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கரைத்து, குழாய்த் தண்ணீரில் பிடித்து ஆற்றுகிறோம். முன்பு விரல் தடிமனுக்கு நின்ற நுரை இப்போது விளிம்போரம் மெல்லிய வளையம்தான். வெதுவெதுப்பான தண்ணீரே போதும் என்றவர்கள் மன்னிக்கவும். பவுடரில் கிருமி இருக்கலாம், அதைக் கொல்ல அந்தச் சூடு வேண்டும்.

எதிர்பாராதது நிப்பிள். பாட்டிலைக் கவிழ்த்தால் பால் சொட்டாமல் கோடாக ஊற்றியது. சின்னத் துளை உள்ளதை மாற்றியதும் மடக் மடக்கென்று விழுங்குவது நின்றது. ராத்திரி அழுகை கொஞ்சம் மிச்சமிருக்கிறது. குடித்து மீந்த பாலை, மாமியார் முறைத்தாலும், கொட்டிவிடுகிறோம்.