மண் கரைக்கு வண்டலோடு களிமண் கலந்தால் அரிப்பு நிற்குமா?

கேள்வி:
எங்கள் தோட்டத்தின் தாழ்வான மூலையில் மழைநீரைத் தேக்க, சுமார் 3 மீட்டர் உயரத்தில் மண் கரை ஒன்று எழுப்ப எண்ணியுள்ளேன். அங்கே கிடைப்பது மாவு போன்ற வண்டல். சென்ற ஐப்பசி மழையில், மாதிரிக்குக் குவித்து வைத்த மேட்டில் ஒரே இரவில் விரல் நுழையும் அளவுக்கு வாய்க்கால்கள் விழுந்துவிட்டன. பக்கத்துப் பள்ளத்தில் களிமண் இருக்கிறது. அதை எவ்வளவு, எப்படிக் கலக்க வேண்டும் என்று அனுபவமுள்ளோர் விளக்க வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
வண்டல் துகள்களுக்குத் தம்முள் ஒட்டும் தன்மை மிகக் குறைவு; ஆகவே ஓடும் நீர் அவற்றை ஒவ்வொன்றாகப் பெயர்த்துச் செல்கிறது. கலவையில் களியின் பங்கு 20 முதல் 30 சதவீதம் வரை இருப்பது சிறு கரைகளுக்குப் பொதுவாகப் போதும். அதற்கு மேல் போனால், குறிப்பாகக் கரிசல் களியாக இருந்தால், கோடையில் வெடிப்பு விடும். ஈரக் கலவையை உள்ளங்கையில் உருட்டும்போது 3 மில்லிமீட்டர் திரியாக உடையாமல் நீள வேண்டும். களிமண்ணைக் காயவைத்து, கட்டிகளை உடைத்து, வண்டலின் மேல் பரப்பி ரொட்டாவேட்டர் ஓட்டுங்கள். ஈரக்களியை அப்படியே கொட்டினால் அது உருண்டை உருண்டையாகவே நின்றுவிடும். பின்பு நீர் தெளித்து, 15 சென்டிமீட்டர் அடுக்குகளாக உருளை கொண்டு இறுக்க வேண்டும்.

மறுமொழி 2:
அளவைப் பற்றிப் பேசுமுன், அந்தக் களி களர் தன்மை உடையதா என்று பார்த்துவிடுங்கள் ஐயா. சோடியம் மிகுந்த களி நீர் பட்டதும் தானே கரைந்து பிரியும். அதைக் கலப்பது அரிப்புக்கு அரிப்பைச் சேர்ப்பதாகும். கடலை அளவுக் கட்டி ஒன்றை அசையாத நீரில் இட்டுப் பத்து நிமிடம் பாருங்கள்: அதைச் சுற்றிப் பால் போல் கலங்கல் படர்ந்தால் ஆபத்து.

கேட்டவர்:
சோதித்தேன். கட்டி சரிந்ததே தவிர, நீர் தெளிவாகவே இருந்தது. ஆழ்துளைக் கிணற்று நீரைத்தான் பயன்படுத்தினேன்.

மறுமொழி 2:
அந்நீரில் கரைந்துள்ள உப்புகள் களி பிரிவதைத் தடுத்துவிடும். மழைநீரிலோ பேட்டரிக்கு ஊற்றும் நீரிலோ மீண்டும் பாருங்கள்.

கேட்டவர்:
உண்மைதான் ஐயா. பேட்டரி நீரில் ஐந்தே நிமிடத்தில் கலங்கிவிட்டது.

மறுமொழி 3:
அப்படியானால் வேறு களியைத் தேடுவதே நல்லது. கிடைக்காவிட்டால் நீற்றிய சுண்ணாம்போ ஜிப்சமோ சேர்க்கலாம், ஏனெனில் அவற்றிலுள்ள கால்சியம் சோடியத்தை வெளியேற்றி அதன் இடத்தைப் பிடிக்கும்; எவ்வளவு என்பதை ஆய்வகத்தில்தான் முடிவு செய்ய வேண்டும். கலவை எவ்வளவு நன்றாக அமைந்தாலும் மதகுக் குழாயை ஒட்டி மண் சரியாக இறுகாது; அவ்விடத்தைக் கையால் திமிசு போட்டு இறுக்கி, கரையின் வெளிப்பக்கத்தில் குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அமையுங்கள். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் டீட்டன் அணை 1976 ஜூன் 5 அன்று, முதல் முறை நீர் நிரப்பும்போதே உடைந்து 11 பேர் இறந்தனர். அதன் நடுப்பகுதியும் காற்று கொண்டுவந்து படிந்த வண்டலால் ஆனதுதான். பாறை வெடிப்புகள் வழியே கசிந்த நீர் அதை உள்ளிருந்தே அரித்துச் சென்றபோது, தடுத்து நிறுத்தப் போதுமான வடிகட்டி அங்கே இருக்கவில்லை.