எந்நேரமும் சார்ஜரில் கிடக்கும் டேப்லெட்: பேட்டரி உப்பாமல் இருக்க வழி?

சுவர்ப்பல்லி: விளக்கு, கேமரா எல்லாவற்றையும் பார்க்க ஒரு டேப்லெட்டைச் சுவரில் மாட்டியிருந்தேன். ஒன்றரை வருடம் சார்ஜரைப் பிடுங்கவே இல்லை. போன வாரம் திரையின் ஓரம் தூக்கிக்கொண்டது. திறந்தால் பேட்டரி தலையணை மாதிரி இருக்கிறது. அடுத்ததற்கு ஸ்மார்ட் பிளக் (வைஃபை வழியாகத் தானே ஆன், ஆஃப் ஆகும் பிளக்) வைத்து, சார்ஜ் 40%க்கு வந்தால் ஏற்றி, 60% ஆனதும் நிறுத்தலாமா?

கம்பிக்காரன்: வீண் வேலை. 100 ஆனதும் உள்ளே இருக்கும் சிப்பே சார்ஜை நிறுத்திவிடும். உங்களுக்கு வாய்த்தது மட்டமான பேட்டரி, அவ்வளவுதான்.

மெல்லசார்ஜ்: நிறுத்தும், சரி. எங்கே நிறுத்தும்? செல்லுக்கு (பேட்டரிக்குள் மின்சாரத்தைச் சேமிக்கும் பை) 4.2 வோல்ட்டில், இப்போதைய பலவற்றில் 4.35க்கும் மேலே. கொஞ்சம் இறங்கினால் மறுபடி அங்கேயே ஏற்றிவிடும். மாதக்கணக்கில் அந்த உச்சியில் நின்றால் செல்லுக்குள் இருக்கும் எலக்ட்ரோலைட் என்ற ரசாயனக் கரைசல் சிதைந்து வாயு உண்டாகும். மூடிய உறைக்குள் அது எங்கே போகும்? அதுதான் அந்தத் தலையணை. சூடு சேர்ந்தால் இன்னும் வேகம். பேட்டரி யுனிவர்சிட்டி தளத்தின் அட்டவணைப்படி, 40 டிகிரியில் ஒரு வருடம் முழு சார்ஜில் வைத்தால் மிஞ்சும் கொள்ளளவு சுமார் 65%. 40% சார்ஜில் வைத்தால் 85%.

கம்பிக்காரன்: 40 டிகிரி யார் வீட்டுச் சுவரில் ஐயா?

மெல்லசார்ஜ்: சுவரில் ஒரு சட்டத்துக்குள் (ஃபிரேம்) பதித்து, திரையை அணைக்காமல் ஓடும் டேப்லெட்டின் முதுகைத் தொட்டுப் பாருங்கள்.

கம்பிக்காரன்: சரி, ஏற்றி இறக்கினால் சார்ஜ் சுழற்சி கூடுமே? அதிலும் பேட்டரி தேயும்.

மெல்லசார்ஜ்: 40க்கும் 60க்கும் நடுவே ஐந்து தடவை போய்வந்தால்தான் ஒரு முழுச் சுழற்சி. அதுவும் நடுவாந்தர வோல்டேஜில், தேய்மானம் குறைவு.

கம்பிக்காரன்: நடுராத்திரி வைஃபை படுத்துவிட்டால்? பிளக் ஆனில் சிக்கினால் பழையபடி 100. ஆஃபில் சிக்கினால் காலையில் கருப்புத் திரை.

மெல்லசார்ஜ்: இதற்கு என்னிடம் மறுப்பில்லை. டேப்லெட்டிலேயே 80%-ல் சார்ஜை நிறுத்தும் வரம்பு இருந்தால் அதுதான் முதல் வழி, வைஃபையை நம்ப வேண்டாம். இல்லாவிட்டால்தான் பிளக்.

நேரடிமின்: எதற்கு இந்தப் பாடு? செல்லை வெட்டிவிட்டு அந்த இடத்தில் நேராக 4 வோல்ட் கொடுங்கள். செல்லோடு ஒட்டியிருக்கும் குட்டிப் பலகையை மட்டும் வையுங்கள். வெப்பநிலை சிக்னல் கிடைக்காவிட்டால் பல டேப்லெட்கள் உயிர் பெறாது.

கம்பிக்காரன்: கத்தரி செல்லில் பட்டால் தீ. கம்பியை சால்டர் வைத்து இணைக்கத் தெரிந்தவர் செய்யட்டும். அப்போதும் மெல்லிய கம்பி போட்டால் திரை ஒளிரும் வேகத்தில் வோல்டேஜ் விழுந்து தானே ரீஸ்டார்ட் ஆகும். அனுபவித்துத்தான் சொல்கிறேன்.

சுவர்ப்பல்லி: புதியதில் 80% வரம்பு இருக்கிறது, போட்டுவிட்டேன். உப்பிய பழசை?

மெல்லசார்ஜ்: அழுத்தாதீர்கள், குத்தாதீர்கள், இன்னொரு தடவை சார்ஜ் போடவே போடாதீர்கள். எரியும் பொருள் பக்கத்தில் இல்லாமல் வைத்து, மின்கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். குப்பைத்தொட்டி வேண்டாம்.

கம்பிக்காரன்: புதியதற்குச் சூடு வெளியேற சட்டத்தின் பின்பக்கம் நாலு ஓட்டையும் போடுங்கள். பிளக் விஷயத்தில் மட்டும் நான் மாறவில்லை.