அஃப்லாக் போன்ற துணைக் காப்பீடு: எடுத்தவர்கள், பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

அட்லாண்டாவிலிருந்து:

நவம்பர் வந்தால் ஆபீஸில் ஓப்பன் என்ரோல்மென்ட் பேச்சுதான், அதாவது அடுத்த வருடத்துக்கான காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம். மெடிக்கல், டென்டல், விஷன் முடிந்ததும் அடியில் கேன்சர், ஆக்சிடென்ட், ஹாஸ்பிடல் இண்டெம்னிட்டி (ஆஸ்பத்திரியில் சேர்ந்தால் ஒரு தொகை தருவது) என்று சில வரிகள் இருக்கும். மெயின் இன்சூரன்ஸுக்கு மேல் தனியாக எடுக்கும் இவைதான் துணைக் காப்பீடு, அஃப்லாக் இதை விற்கும் ஒரு கம்பெனி. நம்மவர்கள் பலர் அந்த வரிகளைப் படிக்காமலே ‘வேண்டாம்’ போட்டுவிடுகிறார்கள். எடுக்கச் சொல்லி நான் யாரையும் வற்புறுத்தவில்லை. என்னவென்று தெரிந்துகொண்டு வேண்டாம் என்று சொல்லுங்கள், அவ்வளவுதான்.

தங்கை வீட்டுக்காரருக்குப் பெருங்குடலில் கேன்சர். ஆஸ்பத்திரிச் செலவில் பெரும்பகுதியை மெயின் இன்சூரன்ஸ் பார்த்துக்கொண்டது. வீட்டை உலுக்கியது மற்ற செலவுகள். டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நாம் கட்டும் தொகை), கீமோ நாட்களில் இருவருக்கும் சம்பளமில்லாத லீவு, மதுரையிலிருந்து அத்தை வர டிக்கெட், குழந்தைக்கு டே கேர். அவர் வேலையில் சேர்ந்தபோது எடுத்திருந்த கேன்சர் பாலிசியின் பணம் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் அவர் பெயருக்கே வந்தது. அதில் வாடகை கட்டினார்கள். யாரும் கணக்குக் கேட்கவில்லை.

கிளெய்ம் சுலபமாக முடியவில்லை. டாக்டர் கொடுத்த கடிதத்தை வைத்து அனுப்பினார்கள், திரும்பி வந்தது. பெத்தாலஜி ரிப்போர்ட்தான் வேண்டும் என்றார்கள், அதாவது சதையை எடுத்துச் சோதித்த லேபின் அறிக்கை. படுத்துக் கிடக்கிறவருக்காகத் தங்கை லேபுக்கும் கிளினிக்குக்கும் அலைந்தாள். பயாப்ஸி முடிந்த அன்றே ஒரு காப்பி வாங்கி வைத்துவிடுங்கள்.

கொலம்பஸ், ஜார்ஜியாவிலிருந்து:

நான் இருப்பது அஃப்லாக் பிறந்த ஊரில். இங்கே உயரமான கட்டடமே அவர்களுடையதுதான். ஜான், பால், பில் என்று ஏமோஸ் சகோதரர்கள் மூன்று பேர் 1955-இல் தொடங்கியது. அப்போது ‘அமெரிக்கன் ஃபேமிலி லைஃப்’ என்று நீளமான பெயர். சாதாரண ஆயுள் காப்பீட்டில் போட்டி கடுமையாக இருந்தது. அந்தக் காலத்தில் இளம்பிள்ளை வாதத்துக்கு மட்டும் தனி பாலிசி விற்பார்கள். அந்த நோயைத் தடுக்கும் சால்க் தடுப்பூசி வந்ததும் அதே 1955-இல்தான். ஒரு நோய்க்கு மட்டும் பாலிசி என்ற யோசனையைக் கேன்சருக்குக் கொண்டுபோய் 1958-இல் விற்கத் தொடங்கினார்கள்.

என்னைக் கேட்டால் அதைவிடப் பெரிய திருப்பம் 1964. வீடு வீடாகப் போவதை விட்டு, வேலை செய்யும் இடத்துக்கே போய் மொத்தமாக ஆட்களிடம் பேசி, பிரீமியத்தைச் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கத்துக்கு மாறினார்கள். அட்லாண்டா அக்கா சொன்ன அந்தக் கடைசி வரிகளின் வேர் அங்கேதான் இருக்கிறது. கையில் வரும் முன்பே பிடித்துவிடுவதால் தவணை தவறாது. கெடுதல் என்னவென்றால், எதற்குப் பிடிக்கிறார்கள் என்பதே மறந்துபோகும். என்னோடு வேலை செய்தவர் மாடிப்படியில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ஆக்சிடென்ட் பாலிசி இருப்பது அவருக்கே நினைவில்லை. பே ஸ்லிப்பில் ஒரு சின்னப் பிடித்தத்தைப் பார்த்து நாங்கள்தான் சொன்னோம். எமர்ஜென்சிக்கு இவ்வளவு, எலும்பு முறிவுக்கு இவ்வளவு என்று அட்டவணைப்படி வந்தது.

2000 ஜனவரியில், ‘அஃப்லாக்!’ என்று கத்தும் வாத்து விளம்பரம் டிவியில் வந்த பிறகுதான் நாடு முழுக்க அவர்கள் பெயர் பரவியது.

டோக்கியோ, நிஷி கசாயிலிருந்து:

கொலம்பஸ் அண்ணா, உங்கள் ஊர்க் கம்பெனிக்கு வருமானத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் போகிறது! 1970 ஒசாகா கண்காட்சிக்கு வந்த ஜான் ஏமோஸ், சளி பிடித்தவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு நடப்பதைக் கண்டு, உடம்பில் இவ்வளவு அக்கறை உள்ளவர்கள் கேன்சர் பாலிசியும் எடுப்பார்கள் என்று நினைத்தாராம். உரிமம் கிடைத்தது 1974-இல். இந்த வகைக் காப்பீட்டில் இங்குள்ள பெரிய கம்பெனிகளுக்கு 2001 வரை கட்டுப்பாடு இருந்ததால், அஃப்லாக் நன்றாகக் கால் ஊன்றிவிட்டது. 2008 முதல் தபால் நிலையங்களிலும் இவர்கள் பாலிசி விற்கிறார்கள்.

அரசுக் காப்பீடு இருக்கும் நாட்டில் இது எதற்கு என்று எனக்கும் கேள்வி இருந்தது. பெரும்பாலோர் கட்டுவது முப்பது சதவீதம், அதற்கும் மாத உச்சவரம்பு உண்டு. ஆனால் தனி அறை வாடகை, வேலைக்குப் போகாத நாட்களின் வருமானம், போக்குவரத்து எல்லாம் நம் தலையில்தான்.

நாங்கள் வாடகைக்கு இருக்கும் வீட்டின் உரிமையாளர் அம்மா சொன்னதைக் கேட்டபோது மனது கனத்துவிட்டது. அவருடைய தந்தைக்கு எண்பதுகளில் இரைப்பையில் கேன்சர். அந்தக் காலத்தில் இங்கே டாக்டர்கள் நோயின் பெயரை வீட்டாரிடம் மட்டும்தான் சொல்வார்கள், நோயாளியிடம் ‘வயிற்றுப்புண்’ என்பார்கள். பாலிசி இருந்தது, பணமும் வந்தது. ஆனால் காப்பீட்டுக் கம்பெனியின் தபால் உறையைப் பார்த்தால் தந்தைக்குப் புரிந்துவிடும். அதனால் தபால்காரர் வரும் நேரத்துக்கு அவருடைய தாயார் வாசலிலேயே நிற்பாராம். உறையை ஏப்ரனுக்குள் மடித்து வைத்துக்கொண்டு உள்ளே வருவாராம்.

அட்லாண்டாவிலிருந்து:

படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை தம்பி.

இங்கே குழந்தைகள் ஆஸ்பத்திரியில் கேன்சர் பிரிவுக்கு அஃப்லாக் பெயர்தான், 1995-லிருந்து உதவுகிறார்கள். தோழியின் மகன் அங்கே சிகிச்சையில் இருந்தபோது ஒரு வாத்து பொம்மை கொடுத்தார்கள். சிரிப்பு, அழுகை, கோபம் என்று முகம் போட்ட வில்லைகள் அதோடு வரும். ஒன்றை எடுத்து வாத்தின் நெஞ்சில் வைத்தால் வாத்து அப்படியே நடந்துகொள்ளும். ‘எப்படியிருக்கு?’ என்று கேட்டால் வாயே திறக்காத பையன், நர்ஸ் வந்ததும் அழுகை வில்லையை எடுத்து வைத்தான்.

டல்லாஸிலிருந்து:

இரண்டு கேள்வி. எடுத்த உடனே கேன்சர் கவரேஜ் தொடங்குமா? விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவைச் சேர்க்க முடியுமா?

கொலம்பஸ், ஜார்ஜியாவிலிருந்து:

கேன்சருக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. இங்கே பல பாலிசிகளில் 30 நாள், ஜப்பானில் 90 நாள். ஏற்கெனவே இருக்கும் நோய்க்கு என்ன விதி என்பதைத் தனியாகப் படியுங்கள். அப்பா அம்மாவைச் சேர்க்க முடியாது. நீங்கள், மனைவி, பிள்ளைகள் மட்டும்தான். அவர்களுக்கு விசிட்டர் இன்சூரன்ஸ் தனியாக எடுத்தாக வேண்டும். இன்னொன்று, பல பாலிசிகளில் வருடத்துக்கு ஒருமுறை மேமோகிராம் (மார்பகப் படம்), கொலோனோஸ்கோப்பி (பெருங்குடல் சோதனை) போன்ற பரிசோதனைக்கு ஒரு சிறு தொகை தருவார்கள். கேட்டால்தான் வரும், மனைவிக்கும் சேர்த்துக் கேளுங்கள்.